கையைத் தூக்கும் உரிமை

யாழ்ப்பாணத்தில் நான் இயன்மருத்துவன். எலும்பு முறிந்தவர்களையும் பாரிசவாதம் வந்தவர்களையும் பயிற்சி கொடுத்து நடக்க வைப்பது என் தொழில். தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்தபின், பாரிசவாதத்தில் இடக்கை விழுந்த ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலைக்காரன். என் பட்டயத்தை அங்குள்ள சுகாதார அமைச்சு ஏற்கும்வரை எவருக்கும் சிகிச்சை செய்யக்கூடாது. உரிமம் பெற்ற ஒருவருக்கு உதவியாளாகக்கூட நிற்க முடியாது. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன்.

காலையில் சட்டை போட்டுவிட அந்த அம்மாவின் கையைத் தூக்குவேன். அது வீட்டு வேலை. இடையிடையே உரிமம் பெற்ற இயன்மருத்துவப் பெண் ஒருத்தி வந்து அதே கையை அதே உயரத்துக்குத் தூக்குவாள். அது சிகிச்சை. எந்த இடத்தில் ஒன்று மற்றதாக மாறுகிறது என்று யோசிப்பது எனக்கு ஒரு விளையாட்டுப் போல இருந்தது.

நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் என் அறைக்கு மேல்மாடியில் குடியிருந்த நம்மூர்ப் பையன், சியாகுல்லித் தோட்டமொன்றில் மாண்டரின் ஆரஞ்சு பிடுங்கும்போது ஏணியிலிருந்து விழுந்து வலத் தோளருகே எலும்பை முறித்துக்கொண்டான். கட்டு அவிழ்த்ததும் என்னிடம் வந்தான். மருத்துவமனையில் பயிற்சிக்குக் கிடைத்த தவணை கோடைக்குத் தள்ளிப் போயிருந்தது. அதற்குள் தோள் இறுகிவிடும் என்பது எனக்குத் தெரியும்.

"அண்ணை, இந்தக் கையை ஒருக்காப் பாருங்கோ. மேல போகுதில்லை."

"நான் இஞ்சை தொடக்கூடாது தம்பி. சட்டம். ஆரும் கேள்விப்பட்டால் என்ரை விண்ணப்பம் போச்சு."

"சிஞ்ஞோராவின்ரை கையைத் தூக்கிறியள்தானே?"

"அது சேட்டுப் போடுறதுக்கு."

"அப்ப எனக்கும் ஒரு சேட்டுப் போட்டு விடுங்கோவன்!"

இருவரும் சிரித்தோம். அவன் படியேறிப் போனான். நான் கூப்பிடவில்லை.

சில வாரம் கழித்து, அவனை நினைத்தல்ல, அந்த எல்லையை அறியும் ஆவலில்தான், சிஞ்ஞோராவிடம் வந்த பெண்ணைக் கேட்டேன்: இறுகும் தோளுக்குச் சுவரில் விரல்களை மேலே நடக்க விடச் சொல்கிறோமே, அதை வாயால் சொல்லிக்கொடுப்பதும் குற்றமா?

"கையை அசைக்கச் சொல்லித்தானே வைத்தியர் கட்டை அவிழ்க்கிறார்? அதைச் சொல்ல உரிமம் எதற்கு? என் அம்மாவே பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வாள்," என்று சிரித்தாள். பிறகு, "யாருக்கு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில்தான் மேல்மாடிக்காரன் நினைவுக்கு வந்தான்.

அன்றே அவன் அறைக்கு ஏறினேன். சுவரில் அவன் விரல்கள் நெஞ்சு உயரத்தில் நின்றுவிட்டன. தினமும் போய், தொடாமல் சொல்லிக்கொடுத்தேன். மாதக்கணக்கில் முயன்று தோள் மட்டம்வரை வந்தது, அதற்குமேல் இல்லை. மாண்டரின் கிளைகள் அதைவிட உயரம். அவன் பகேரியாவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவப் போனான்.

சட்டம் தடுத்தது என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், சட்டம் எதுவரை என்று அவனுக்காக நான் விசாரிக்கவே இல்லை. கேட்டிருந்தால் அடுத்த நாளே பதில் கிடைத்திருக்கும்.

என் பட்டயத்துக்கு அங்கீகாரம் வந்த அன்று அவனிடம்தான் முதலில் போய்ச் சொன்னேன்.

"அப்ப இனி எனக்குச் சேட்டுப் போட்டு விடலாம் எண்டு சொல்லுங்கோ," என்று, இடக்கையால் என் முதுகில் தட்டினான்.