நேர்முகத் தேர்வு நடத்த வந்தவருக்கு ஒரு டம்ளர் டீ

எழுதப் படிக்கக் கற்று மூன்று மாதம்தான் ஆகிறது. இன்று நடந்ததை நானே எழுதுகிறேன்.

டாக்டர் பட்டம் வாங்கிய என் மகள் இரண்டு வருடமாக வேலை தேடுகிறாள்.

காலையில் அவள் அறைக்குள் ஓர் ஆண் குரல் நேர்முகத் தேர்வு நடத்தியது. எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் யாரும் பேசாத சுத்தத் தமிழ். வந்தவரைச் சும்மா அனுப்பலாமா? இரண்டு டம்ளர் டீயோடு உள்ளே போனேன்.

மகள் மட்டும்தான் இருந்தாள். கம்ப்யூட்டரில் முகம் இல்லை. ஒரு வட்டம் மூச்சு விடுவதுபோல் பெருத்துச் சிறுத்தது.

குரல் நின்று, எழுத்து வந்தது. ஆசையாக எழுத்துக்கூட்டி, சத்தமாகப் படித்தேன்: "உங்கள் பின்னால் ஒருவர் நிற்கிறார்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"உங்களத்தானுங்கப்பா சொல்லுது! அது மிஷினுங்க. வெளிய போங்க, இந்த வேலையும் போயிரும்!"

இன்னும் முடிவு வரவில்லை. அந்த டீ ஆறிவிட்டது. உங்கள் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டவருக்காவது முகம் இருந்ததா?