நான்கு வெற்றுக் கார்டுகள்

அக்காவுக்குக் கிடைக்க இருந்த வேலை கிடைக்காமல் போனதற்கு நான்தான் காரணம் என்று அம்மாவிடம் இதுவரை சொன்னதில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. வயதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. செய்ததை மறைக்கும் அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது.

அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் இறந்த பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டு அறைக்குக் குடிவந்தோம். அம்மா ஒரு பெண்கள் விடுதியில் சமையல் செய்தாள். அக்கா உதவித்தொகையில் கணிதம் படித்தாள். பஸ்ஸுக்குக் காசு கொடுக்காமல் காவிரிப் பாலத்தை நடந்தே கடந்து கல்லூரிக்குப் போவாள். மழைக்காலத்தில் முதல் வகுப்பு முழுக்க ஈரப் புடவையோடு உட்கார்ந்திருப்பாள் என்று அம்மா சொல்லி வருத்தப்படுவாள். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

படிப்பு முடிந்ததும் ஊருக்கு வெளியே இருந்த ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பயிற்சிக்கு ஆறு பேரை எடுத்தார்கள். அதில் அக்காவும் ஒருத்தி. கம்ப்யூட்டர் என்ற சொல்லையே எங்கள் தெருவில் அப்போதுதான் கேள்விப்பட்டார்கள். "அந்த ரூமுக்குள்ள செருப்பு போடக் கூடாதுடா, எந்நேரமும் குளிரும். நமக்காக இல்ல, மிஷினுக்காக" என்று அவள் சொன்னபோது, அது ஏதோ கர்ப்பகிருகம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதப் பயிற்சியின் கடைசியில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். நன்றாக ஓடுகிற இரண்டு பேருக்கு வேலை. அக்காவுடையது கிடங்கிலுள்ள உதிரி பாகங்களைப் பட்டியல் போடும் புரோகிராம். அந்தக் காலத்தில் புரோகிராம் என்றால் கெட்டியான கார்டுகளின் அடுக்கு. ஒரு வரிக்கு ஒரு கார்டு, எழுத்துக்குப் பதில் சின்னச் சின்ன ஓட்டைகள். வரிசை மாறிவிட்டால் கண்டுபிடிக்க வசதியாக, அடுக்கின் மேல் விளிம்பில் மூலைக்கு மூலை சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தாள். திங்கட்கிழமை அவளுடைய முறை. கடைசியாக ஒருமுறை சரிபார்க்கலாம் என்று சனிக்கிழமையே அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

ஞாயிறு காலை அம்மாவுக்கு ஒத்தாசையாக அவளும் விடுதிக்குப் போய்விட்டாள். நான் வாடகை சைக்கிள் எடுத்திருந்தேன். சக்கரக் கம்பியில் அட்டை செருகி ஓட்டினால் மோட்டார் பைக் மாதிரி சத்தம் வரும். வீட்டில் வெற்றுக் கார்டுகள் நிறையவே கிடந்தன. அம்மா சாமான் பட்டியல் எழுத அக்கா கொண்டுவந்து கொடுப்பாள். ஆனால் ஓட்டை உள்ள கார்டு என்றால் சத்தம் இன்னும் பலமாக வரும் என்று எனக்குத் தோன்றியது. அடுக்கின் நடுவிலிருந்து நான்கை உருவினேன். உத்தர வீதி முழுக்கப் படபடவென்று சத்தம் கேட்க ஓட்டினேன். பையன்கள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். காவிரிப் படித்துறையில் இருக்கும் அம்மா மண்டபத்துக்கு நான் போய்ச் சேர்வதற்குள் நான்கும் நார் நாராகக் கிழிந்துவிட்டன.

வீட்டுக்கு வந்ததும்தான் பயம் வந்தது. பயத்தில் புத்தி நன்றாகவே வேலை செய்தது. நான்கு வெற்றுக் கார்டுகளை எடுத்து அதே இடத்தில் செருகினேன். சிவப்புப் பென்சிலைத் தேடி எடுத்து, விட்டுப்போன இடத்தில் கோட்டை ஒட்டிப் போட்டேன். கை நடுங்காமல் போட்டேன் என்பது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

சாயங்காலம் அக்கா வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, விளிம்பை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். பிறகு கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். "எண்ணிக்கையும் சரி, கோடும் சரிடா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் அவள் திரும்பி வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"ஓடலம்மா. நடுவுல நாலு வெத்துக் கார்டு இருந்துச்சு."

"அது எப்படி வந்துச்சு? இன்னொரு தடவ போட்டுப் பாக்க விட மாட்டாங்களா?"

"பாக்கலாம்மா" என்றாள் அக்கா. முகம் கழுவிக்கொண்டு நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன்.

"தம்பி, நேத்து நான் இல்லாதப்ப அந்தப் பெட்டிய எடுத்தியா?"

"இல்லக்கா."

"எடுத்திருந்தா சொல்லுடா. அடிக்க மாட்டேன், அம்மாகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சத்தியமா இல்லக்கா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, படி" என்று எழுந்து போனாள்.

அந்த வேலை வேறு இரண்டு பேருக்குப் போயிற்று. அக்கா பாலக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரானாள். அவளுடைய சம்பளத்தில்தான் நான் என்ஜினீயரிங் படித்தேன். கம்ப்யூட்டர் வேலைக்கும் போனேன். யாரிடம் அறிமுகப்படுத்தினாலும், "எங்க தம்பி கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்றுதான் ஆரம்பிப்பாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டவர்கள் பலர்.

வெகுகாலம் கழித்து ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்தில், அக்காவோடு பயிற்சியில் இருந்த ஒரு அம்மாளைச் சந்தித்தேன். வேலை கிடைத்த இருவரில் அவர் ஒருவர். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதை பேசினார்.

"எங்க எல்லாரையும் விட உங்க அக்காதான் நல்லா எழுதுவாங்க. பயிற்சி குடுத்த சாருக்கே மனசு கேக்கல. 'இந்த நாலு கார்டுல மட்டும் கோடு வேற கை போட்ட மாதிரி இருக்கே, வீட்ல யாராவது எடுத்தாங்களான்னு கேட்டுட்டு வந்து சொல்லும்மா. அப்படின்னா உன் மேல தப்பில்ல, மறுபடி ஓட்டிப் பாக்கலாம்'னு சொன்னாரு. மறுநாள் வந்து, 'வீட்ல யாரும் எடுக்கல சார், என் கவனக்குறைவுதான்'னு சொல்லிட்டாங்க."

இலையில் அதற்குமேல் எனக்குக் கை போகவில்லை. சற்றுத் தள்ளி, அக்கா யாருக்கோ பாயசம் போடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை மாலை, என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போனதும் தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். என் வாயிலிருந்து ஒரே ஒரு 'ஆமாம்' கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு அந்த சாரிடம் போகலாம் என்றுதான் அவள் அவ்வளவு நேரம் காத்திருந்தாள். நான் ஒப்புக்கொள்ளாததை என் தலையில் போட அவளுக்கு மனம் வரவில்லை. அவள் கேட்டுவிட்டுக் காத்திருந்தபோது, புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டினேன்.