விரதம் என்றுதான் நினைத்திருந்தோம்

முருகனை நம்புகிற அண்ணன்மார்களே, அக்காமார்களே, எனக்கு வந்தது எதுவரை விரதம், எதிலிருந்து வியாதி என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவரை சொல்கிறேன்.

எனக்கு வயது அறுபத்தெட்டு. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். சரியான வாயாடி.

போன தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் எடுத்தேன். இரண்டாவது வாரமே பேச்சு நின்றுபோனது. ஒருவேளைச் சோறும் இறங்கவில்லை. தாடியோடு தரையில் படுத்துக் கிடந்தேன். பார்த்தவர்கள், "அண்ணே இந்த வருஷம் ரொம்பக் கட்டுப்பாடு லா" என்று கும்பிட்டார்கள். பக்தி முற்றிவிட்டது என்று நானும் நம்பினேன். பக்தி முற்றினால் மனசு நிறைய வேண்டாமா? எனக்கு உள்ளே ஒன்றுமே இல்லை. முருகனுக்குக் கோபமா? நான் செய்த பாவமா? ஒன்றும் விளங்கவில்லை.

தைப்பூசத்தன்று பால்குடத்தோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறினேன். சந்நிதியில் நின்று, "முருகா, போதும். என்னைக் கூப்பிட்டுக்கொள்" என்று வேண்டினேன்.

விரதத்தை முடித்துவைக்கும் இடும்பன் பூசையும் முடிந்தது. என் மனைவி சரோஜா கோழிக்கறி சமைத்து இலை போட்டாள். கை வைக்க முடியவில்லை.

"விரதந்தான் முடிஞ்சிருச்சே. இன்னும் ஏங்க இப்படி இருக்கீங்க?" என்றாள்.

எனக்கு அழுகை முட்டியது. "உயிரோட இருக்கவே பிடிக்கல, சரோஜா" என்று சொல்லிவிட்டேன். அவள் அடுப்பை அணைத்தாள். அப்போதே காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

சில நாளில் ஸ்கேன் எடுத்தார்கள். பல வருட ரத்தக்கொதிப்பால் மூளையின் சிறு ரத்தக் குழாய்கள் பழுதாகியிருக்கின்றன என்றார் டாக்டரம்மா. வயதானவர்களுக்கு அதனாலும் மனச்சோர்வு வரலாம், அது மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் வைத்தியம் உண்டு என்றார்.

"அப்ப முருகனுக்குக் கோவம் இல்லையா, டாக்டர்?"

"அங்கிள், அதெல்லாம் ஸ்கேன்ல தெரியாது லா."

பல வாரம் கழித்து அன்றுதான் சிரித்தேன். மாத்திரை சாப்பிடுகிறேன், காலையில் நடக்கிறேன். மெதுவாகத்தான் தெளிந்தது. இன்னும் சில நாள் மனசு இருட்டும். அழுதது நானா, என் மூளையா என்ற குழப்பமும் போகவில்லை.

உங்களுக்கும் உள்ளே இப்படி வெறுமையாக இருந்தால் முருகனிடம் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். டாக்டரிடம் போங்கள். முருகன் எந்த வழியாக வருவான் என்று நமக்குத் தெரியாது.

போன மாதம்தான் சரோஜா சொன்னாள். அன்று மலையில் என் பக்கத்தில் நின்று, "இவரு மனசுல இருக்கறத வாயத் தொறந்து சொல்லணும், முருகா" என்று அவள் வேண்டினாளாம். ஒரே சந்நிதியில் இரண்டு வேண்டுதல். அவளுடையதைக் கேட்டுக்கொண்டு என்னுடையதைத் தள்ளிவிட்டானே, அதற்குத்தான் தினமும் அவனுக்கு நன்றி சொல்கிறேன்.