கடைசியில் நடக்கும் ஹேஸல்

எங்கள் பள்ளத்தாக்கில் தொணதொணப்பதில் ஹேஸல் அவுத்வெய்ட்டை மிஞ்ச ஆளில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு பரிமாறியவர். ஊரில் பாதிப் பேரை மிரட்டியே கேரட் தின்ன வைத்தவர். மே மாதம் வந்தால், சாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்துக்காக நாய்களோடு எட்டு மைல் நடப்போம். தெரிந்தவர்கள் மைலுக்கு இவ்வளவு என்று நன்கொடை தருவார்கள். யாரும் பின்தங்கிவிடாமல் ஹேஸல் கடைசியில் வருவார். அவருக்கும் பின்னால், வயல் கேட்டுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு அவர் கணவர் ஆல்வின்.

கிளம்புமுன் தேவாலயச் சுவர்மேல் ஏறி நின்று ஹேஸல் விதிகளைச் சொல்வார். ஆடு மேயும் இடத்தில் நாயை அவிழ்க்கக் கூடாது. கயிற்றை மணிக்கட்டில் சுற்றக் கூடாது. கன்று போட்ட மாடு துரத்தினால் நாயை விட்டுவிட வேண்டும். மாட்டுக்குக் கோபம் நாய்மேல்தான், நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும், நம்மால் முடியாது. பதினான்கு வருடமாக அதே பாட்டு. எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

இந்த பிப்ரவரியில் அதே இல்லத்தில்தான் ஆல்வின் இறந்தார். அவருடைய கிழட்டு நாய் மோஸ்டினை, அவருடைய தோல் கயிற்றிலேயே பிடித்துக்கொண்டு ஹேஸல் மே மாத நடைக்கு வந்தார். கேட்டுகளை மூடும் வேலை எனக்கு.

பனிமூட்டம் அன்று வயலை விட்டு எழவே இல்லை. முன்னால் போனவர்களின் பேச்சு மட்டும் மிதந்து வந்தது. கால் தரையில் படுவதே தெரியவில்லை. ஒவ்வொரு கேட்டையும் ஹேஸல் திறந்து பிடித்தபடி, பின்னால் வெள்ளை மூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆல்வின் வந்துவிடுவார் என்று எனக்கே தோன்றியது. நான்தான் மெல்ல அவர் கையிலிருந்து வாங்கி மூடினேன்.

முந்தின நாள் வழி பார்த்தபோது ஆற்றோர வயல் காலியாக இருந்தது. இப்போது மூட்டத்திலிருந்து மாடுகள் ஓசையில்லாமல் வந்தன. பின்னால் கன்றுகள். அவை தலையைத் தாழ்த்தி நடையை எட்டிப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

ஹேஸல் அசையவில்லை. தோல் கயிறு மணிக்கட்டில் மூன்று சுற்று சுற்றியிருந்தது.

“ஹேஸல், நாய விடுங்க.”

“மாட்டேன் கண்ணு. இது அவரோடது.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பதினாலு வருஷமா எங்க உசுர வாங்குனீங்களே. மாடு தொரத்துனா என்ன செய்யணும்? நீங்களே சொல்லுங்க.”

“நாய விட்டுடணும்,” என்றார், பாடம் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி. சொல்லிக்கொண்டே சுற்றுகளை அவிழ்த்தார்.

மோஸ்டின் மூட்டத்துக்குள் பாய்ந்தது, மாடுகள் அதன் பின்னால். நாங்கள் வயலின் கற்சுவரோரமாகவே போய், அதைத் தாண்ட வைத்திருந்த ஏணிப்படி ஏறி அந்தப் பக்கம் இறங்கினோம். அவர் வாய்விட்டு அழுதார். திட்டியதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் வருத்தமில்லை.

கடைசி கேட்டுக்கு வந்தபோது அங்கே மோஸ்டின் உட்கார்ந்திருந்தது, உடம்பெல்லாம் சேறு. எங்களைப் பார்த்து வாலை ஆட்டிவிட்டு, எங்களைத் தாண்டி வழியையே பார்த்தது.

ஹேஸலும் கேட்டைப் பிடித்தபடி அதோடு சேர்ந்து பார்த்தார். நான் கை நீட்டவில்லை.

“எல்லாரும் வந்தாச்சு,” என்று நாயிடம் சொல்லிவிட்டு, கேட்டை அவரே மூடினார்.