ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்காத காத்தமுத்துவும் இரண்டு தொட்டி நத்தையும்

காத்தமுத்து போய்விட்டான். வெள்ளிக்கிழமை காலை, ஈஜோக்கில் அவன் வீட்டில், டீயைக் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

இன்று வரை பொறுத்திருக்கக் கூடாதா இந்த மனிதன்... இந்த ஞாயிறுதானே எங்கள் போட்டிக்கு முடிவு நாள்!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாமாயில் ஆலையில் நானும் அவனும் ஒன்றாக லோரி ஓட்டினோம். ரிட்டையர் ஆனபின் அவன் வீட்டுப் பின்பக்கம் ஆளுக்கொரு தொட்டி வைத்து நத்தை வளர்த்தோம். கறிக்கு.

யார் நத்தை பெரிது, யாருடையது ருசி... இன்று அவன் மனைவி சரோஜா தனித்தனியாகச் சமைத்துத் தீர்ப்பு சொல்வதாக ஏற்பாடு.

என் தொட்டியில் சுத்தமான மழைத்தண்ணீர். தீனி பப்பாளி இலை, கங்கோங் கீரை. வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றுவேன். ஒவ்வொன்றும் மாம்பழம் அளவு!

பல்கலைக்கழக புரொபசர் ஒருவரே வந்து என்னிடம் விசாரித்தார். சரி, வழி விசாரிக்கத்தான் வந்தார்... ஆனால் அரை மணி நேரம் நின்று பார்த்தாரே!

இவன் தொட்டி? பாசி பிடித்த பச்சைத் தண்ணீர். மாற்றவே மாட்டான். பைப் தண்ணீரை வாளியில் இரண்டு நாள் வைத்து, மருந்து வாடை போன பிறகு, வற்றிய அளவுக்கு மட்டும் ஊற்றுவான். தீனி வாத்துத் தீவனம். அடியில் கெராங் சிப்பி தின்றுவிட்டுப் போட்ட ஓடுகள்.

"என்னாடா இது, சாக்கடையா?"

"ஒன் நத்தை ஓட்டத் தொட்டுப் பாருடா, அப்பளமாட்டம் நொறுங்குது. மழத்தண்ணில என்னா சத்து இருக்கு? இங்க சிப்பி கரையுது லா. ஓடு கல்லாட்டம் நிக்கும்."

"அப்பளம்னா திங்கிறதுக்கு லேசுதானடா!"

ஒருமுறை நான் சபாக்கில் மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரம், என் தொட்டியிலும் இரண்டு கை சிப்பி ஓட்டைப் போட்டுவிட்டான். கேட்டால், "பாவமா இருந்திச்சிடா. நத்தையச் சொன்னேன், ஒன்னய இல்ல."

போட்டி என்றால் ஒரு நியாயம் வேண்டாமா? எதிராளிக்கு உதவி செய்கிறவனை எங்கே கண்டீர்கள்? அத்தனையையும் பொறுக்கி வெளியே எறிந்தேன்.

நேற்று தகனம் முடிந்து ஆண்கள் நாங்கள் திரும்புகிறோம்... பின்பக்கம் இரண்டு தொட்டியும் கவிழ்ந்து கிடக்கின்றன!

சாவு வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் இருக்கக் கூடாது என்று, பெட்டி கிளம்பியதும் வீடு கழுவிய பெண்கள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்கள். நத்தைகள் மொத்தமும் ஒரே வாளியில். நல்ல மனசோடு பைப்பைத் திறந்து புதுத் தண்ணீர் வேறு! எல்லாம் வாயை இறுக மூடிக்கொண்டு அடியில் கிடந்தன.

"யாரும்மா இதச் செஞ்சது?" துக்க வீடு என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

காத்தமுத்துவின் தங்கை முன்னால் வந்தாள். "தீட்டுத் தண்ணிண்ணே. கொடத்துல இருந்தா என்னா, தொட்டில இருந்தா என்னா? ஊத்தித்தானே ஆவணும்?"

"அவன் தண்ணிய மாத்தவே மாட்டான்மா!"

இதை நானா சொன்னேன்...

சரோஜா உள்ளேயிருந்து வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "சண்ட வேணாண்ணே. பதினாறாம் நாள் படையல்ல அவருக்குப் புடிச்சத வைக்கணும். அதுவரைக்கும் உசுரோட வெச்சிருங்க. ஒங்களால முடியுமா?"

என்னால் முடியுமாவா! நத்தை விஷயத்தில் சிலாங்கூரிலேயே என்னை... சரி, விடுங்கள்.

இப்போது அசாம் ஜாவாவில் என் வீட்டு வாசலில் இரண்டு தொட்டிகள். ஓட்டைத் தொட்டுப் பார்த்தே பிரித்துவிட்டேன். பைப் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வீட்டில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரை ஊற்றினேன்.

அவன் வீட்டுச் சாக்கடையில் கைவிட்டுப் பொறுக்கிய சிப்பி ஓடுகளை அவன் தொட்டியில் போட்டேன். மிச்சம் இருந்தது... என் தொட்டியிலும் போட்டேன்.

இன்று காலை அவனுடையவை ஒவ்வொன்றாக வாய் திறந்தன. என்னுடையவை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கின்றன.

போய் வாடா காத்தமுத்து. இலையில் இடது பக்கம் உன்னுடையது, வலது பக்கம் என்னுடையது. தின்று பார்த்து நீயே சொல்.

ஓடு எடுத்துவிட்டுத்தான் வைப்பேன்.