பீலித் தண்ணீருக்குக் கொழும்பு கொடுத்த நற்சான்று

பொகவந்தலாவைக்கு வழி கேட்டு எழுதியிருக்கிறீர்கள். சொல்கிறேன்; என் கோபத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அறுபதுகளின் தொடக்கத்தில், ஆடி மழையில் நான் அங்கே போனது ஊர் பார்க்க அல்ல. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மஞ்சள் காமாலை பரவுகிறது என்று சேதி வந்தது. அங்கே என் அக்கா ராசம்மா ஏழு மாதக் கர்ப்பிணி.

கொழும்புக் கோட்டையில் காலை ரயிலைப் பிடித்தால் பிற்பகலில் ஹட்டன். பிறகு பஸ்ஸில் இருபது மைலுக்குள்தான், ஆனால் வளைவுகளுக்காக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கட்டணம் அப்போது ஒரு ரூபாய்க்கும் குறைவு. வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள்.

லயத்துக்குப் பின்னால் பீலி, அதாவது மலை ஊற்று கொட்டும் குழாய். பார்வைக்குத் தெளிவான தண்ணீர். மேல் லயத்துக் கக்கூஸ் மழையில் உடைந்து அந்த ஊற்றுப் பக்கமாகத்தான் வழிந்தது. அதைச் சரிசெய்யத் தோட்டத்துக்கு நேரமில்லையாம்!

அக்கா பச்சைத் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்தாள். தேத்தண்ணி, அதாவது தேநீர், இல்லையா என்றேன்.

“காமாலை சூட்டு நோவு தம்பி. தேத்தண்ணி குடிச்சா சூடு ஏறும்னு லயத்துல எல்லாருமே நிப்பாட்டிட்டோம்.”

எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

தோட்டத்து மருந்தாளர் பீலித் தண்ணீரைப் போத்தலில் அடைத்துக் கொழும்புப் பரிசோதனைக்கூடத்தில் கொடுக்கச் சொன்னார். ஐஸ் சுற்றி மடியிலேயே வைத்துக் கொண்டுபோனேன். ஐந்தாம் நாள் முடிவு வந்தது: குடிக்க உகந்தது. தாளைத் தந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். தாங்கள் பார்த்தது பாக்டீரியாவை மட்டுமே, அதை மலை மண் வடிகட்டியிருக்கலாம், காமாலைக்குக் காரணம் அதிலும் நுண்ணிய வைரஸ், அதைத் தண்ணீரில் கண்டுபிடிக்கத் தங்களிடம் வழியில்லை, கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்று விளக்கினார். அப்போதுதான் திடுக்கிட்டேன். லயத்து ஆட்கள் கொதித்த தண்ணீர் குடித்த ஒரே வழி தேத்தண்ணிதான்.

மறுநாளே திரும்பிப் போய்த் தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொன்னேன். தாளை வாங்கிக்கொண்டார், பேச்சைக் கேட்கவில்லை. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை அதைத் தூக்கிக் காட்டினார்.

“கொழும்புலயே சுத்தம்னு சொல்லிட்டாங்க! இனி கக்கூஸு, குழாய்னு யாரும் வாயத் தெறக்கக் கூடாது!”

“வைரஸைப் பாக்கலைங்க! காய்ஞ்ச வெறகாவது குடுங்க, கொதிக்க வச்சுக் குடிக்கிறோம்” என்று கத்தினேன்.

“கண்ணுக்குத் தெரியாததுக்கெல்லாம் வெறகு குடுக்க முடியுமா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் பற்றி எரிகிறது.

அக்காவிடம் கெஞ்சினேன். “கொழும்புல படிச்சவங்க பொய்யா சொல்லுவாங்க?” என்றாள். லீவு முடிந்து நான் கொழும்புக்குத் திரும்பினேன். அடுத்த மாதம் தந்தி வந்தது. போய்ப் பார்த்தபோது அவள் கண்கள் மஞ்சளாக இருந்தன. அக்கா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

இப்போது தண்ணீரிலும் சாப்பாட்டிலும் உள்ள துளி வைரஸைக்கூடச் சில மணி நேரத்தில் கண்டுபிடிக்கிறார்களாம். நல்லது. அந்த வசதி லயங்கள்வரை ஏறியிருக்கிறதா என்று போகிறவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். குடையும் கம்பளியும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தண்ணீரையும் கொதிக்க வைத்துக் குடியுங்கள். சுத்தம் என்று யாராவது தாளை நீட்டினால், எதைத் தேடினீர்கள், எதைத் தேடவில்லை என்று கேளுங்கள். அந்த வருடம் பீலித் தண்ணீரைச் சோதித்துச் சரியான முடிவைச் சொன்னது என் அக்காவின் வயிறுதான்.