பங்காளிகளுக்கு ஒரே சாவி

மடத்துக்குளத்தில் பெண்ணெடுத்த வெள்ளியங்கிரி, தம்பியையும் மச்சானையும் கூட்டுச் சேர்த்து நடத்திய பனியன் கம்பெனியில் சகாயராஜ் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். ஆர்டர் தரும் பையர்களின் டிசைன்கள் கிளவுட் சர்வரில் இருந்தன. மூவரும் வீட்டிலிருந்தே அதைத் திறக்க விபிஎன் என்ற பாதுகாப்பு இணைப்பு போடும்போது, ஆளுக்கொரு டிஜிட்டல் சாவி வேண்டும் என்றான்.

"எங்கூட்டு இரும்புப்பெட்டிக்கே ஒரே சாவிதானுங்க. அண்ணன் தம்பிக்குள்ள தனிச்சாவி எதுக்குங்க?" என்றார் வெள்ளியங்கிரி.

"ஒருத்தர் பிரிஞ்சா..."

"பிரியற பேச்செடுத்தா வேலை இருக்காதுங்க!"

சகாயராஜ் தலையாட்டினான். ஆனால் யாருக்கும் சொல்லாமல் தனித்தனிச் சாவியே போட்டான். தெரிந்தால் வேலை போகும் என்று தினமும் பயந்தான்.

ஆடி கழிந்ததும் தம்பி பாகம் பிரித்து எதிரிலேயே கம்பெனி போட்டார். வெள்ளியங்கிரி ஓடி வந்தார். "டிசைனெல்லாம் போச்சா கண்ணு?"

"இல்ல மொதலாளி. அவருக்குத் தனிச்சாவிதான் குடுத்திருந்தேன். நேத்தே செல்லாம ஆக்கிட்டேன்."

வெள்ளியங்கிரி வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார். "அப்படியே... மடத்துக்குளத்து மச்சானோடதையும்."